வாஹாவ் பள்ளத்தாக்கு: கோட்டை, மடாலயம், திராட்சைத் தோட்டம் – இரண்டு நாளில் சுற்ற முழு வழிகாட்டி

வியன்னாவுக்குப் போகிறவர்களிடம் டூர் கம்பெனிகள் தவறாமல் நீட்டும் அட்டைகளில் ஒன்று வாஹாவ் ஒருநாள் சுற்றுலா. காலையில் பஸ், மெல்க் மடாலயத்தில் ஒரு மணி நேரம், டான்யூப் ஆற்றில் கொஞ்ச தூரம் படகு, டியூர்ன்ஸ்டைனில் போட்டோ, இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பவும் வியன்னா. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு ருசிக்க ஆரம்பிப்பதே மாலை ஐந்து மணிக்கு மேல், படகுக் கூட்டமும் பஸ் கூட்டமும் கிளம்பிப் போன பிறகுதான். அதனால் ஓர் இரவாவது அங்கே தங்குவதாக வைத்துக்கொண்டுதான் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். மெல்க் ஊருக்கும் கிரெம்ஸ் ஊருக்கும் நடுவே டான்யூப் கெட்டியான பாறைமலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் சுமார் 36 கிலோமீட்டர்தான் வாஹாவ். 2000-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்கே கோட்டை, மடம், திராட்சை மூன்றும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் ஆறுதான். ஆற்றில் போகும் சரக்குப் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்க வசதியான உச்சிகளில் கோட்டை எழுந்தது. மடங்களுக்கு ஒயின் தேவைப்பட்டது, தெற்கு பார்த்த சரிவுகளில் படிப்படியாக மேடை கட்டித் திராட்சை நட்டார்கள்.

இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டமே இவற்றை வைத்துத்தான். ஒன்று, மெல்க்கை விட்டால் கிரெம்ஸுக்கு எதிர்க்கரையில் உள்ள மௌட்டர்ன் வரை ஆற்றைக் கடக்கப் பாலமே கிடையாது. இரண்டு, இந்தப் பகுதியில் அணை இல்லை. 1970-களில் இங்கே நீர்மின் நிலையம் கட்ட ஒரு திட்டம் வந்தது. ஊர் மக்கள் விடாமல் எதிர்த்ததால் அது நடக்கவில்லை. ஆஸ்திரியாவில் டான்யூப் தடையில்லாமல் ஓடும் இடங்கள் இரண்டுதான். ஒன்று இது, இன்னொன்று வியன்னாவுக்குக் கிழக்கே. தண்ணீர் இங்கே நல்ல வேகத்தில் ஓடும்.

எப்போது போவது

ஆப்ரிகாட் மரங்கள் பூப்பது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை. வெயில் குளிரைப் பொறுத்து ஒரு வாரம் முன்னே பின்னே போகும். பூவைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் போட்டால் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. பழம் ஜூலையில். திராட்சை அறுவடை செப்டம்பரில் தொடங்கி, தரமான ரகங்களுக்கு நவம்பர் வரைகூட இழுக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். சரிவுகள் மஞ்சளாகும், ஆட்கள் கூடையோடு தோட்டத்தில் இருப்பார்கள், ஜூலை ஆகஸ்டின் கப்பல் கூட்டம் குறைந்திருக்கும். குளிர்காலத்தில் போனால் படகு இல்லை, பாதிக் கடைகள் மூடியிருக்கும். அப்போது மெல்க்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

மழை விஷயத்திலும் ஒரு கண் வேண்டும். 2002, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் டான்யூப் பெருவெள்ளம் எடுத்தது. கரையோர ஊர்களில் பழைய வீட்டுச் சுவர்களைக் கவனித்தால் ஆண்டு எழுதிய கோடுகள் தெரியும்; சில கோடுகள் நம் தலைக்கு மேலே இருக்கும்.

எந்தத் திசையில் போவது

மெல்க்கில் தொடங்கி கிரெம்ஸில் முடியுங்கள். எதிர்த் திசையில் வேண்டாம். மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்குப் படகு நீரோட்டத்தோடு போவதால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும். கிரெம்ஸிலிருந்து மேலே வர ஏறக்குறைய மூன்று மணி நேரம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இறங்குமுகமாகப் போவதே சௌகரியம்.

வியன்னாவிலிருந்து மெல்க் போக ரயிலில் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட ஆகும். சில வண்டிகளுக்கு சாங்க்ட் பொல்ட்டனில் மாற வேண்டும். திரும்பி வர கிரெம்ஸிலிருந்து வியன்னாவின் ஃபிரான்ஸ் யோசஃப் நிலையத்துக்கு நேர் ரயில் இருக்கிறது. போகும் நிலையமும் வரும் நிலையமும் வேறு வேறு என்பதால் வியன்னாவில் ஹோட்டல் பிடிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில், மடாலய நுழைவு, படகு எல்லாம் சேர்ந்த கோம்பி டிக்கெட் ஒன்றை ஆஸ்திரிய ரயில்வே விற்கிறது. ஒரே நாளில் முடிப்பவர்களுக்கு அது லாபம். நடுவில் தங்குகிறவர்கள் தனித்தனியாக எடுப்பதே நல்லது. இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா போதும்.

பெட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். படகு, சைக்கிள், கல் பாவிய தெரு இவற்றுக்கு நடுவே சக்கரப் பெட்டி பெரிய தொல்லை. பெரிய பெட்டியை வியன்னாவில் விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு வாருங்கள்.

முதல் நாள் காலை: மெல்க்

ரயிலை விட்டு இறங்கியதும் தலைக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு மலையே கட்டடமாக நிற்கும். வழி கேட்க வேண்டியதில்லை; பத்துப் பதினைந்து நிமிடம் ஏற்றம் நடந்தால் வாசல். பத்து மணிக்கு மேல் கப்பல் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்பதால் திறக்கும் நேரத்துக்கே உள்ளே இருப்பது உத்தமம்.

பாபன்பெர்க் வம்சத்து இரண்டாம் லியோபோல்ட் 1089-இல் தன் கோட்டையை பெனடிக்ட் சபைத் துறவிகளுக்குக் கொடுத்ததில் தொடங்கியது மெல்க் மடம். இப்போது நாம் பார்ப்பது 1702-க்கும் 1736-க்கும் நடுவே, பரோக் என்ற ஆடம்பர அலங்காரப் பாணியில் கட்டிய கட்டடம். மடாதிபதி பெர்ட்டோல்ட் டீட்மையர் பிடிவாதக்காரர். கட்டட வல்லுநர் யாக்கோப் பிராண்டவர். பிராண்டவர் 1726-இல் இறந்துபோக, அவருடைய உறவினர் யோசஃப் முங்கனாஸ்ட் வேலையை முடித்தார். மடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. துறவிகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் நடக்கிறது. பிராகாரத்தில் புத்தகப் பையோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே அவசரப்படக் கூடாத இடங்கள் மூன்று. பளிங்கு மண்டபத்தில் நடுவில் போய் நின்று மேலே பாருங்கள். பவுல் டிரோகர் வரைந்த விதானம் குவிந்து உயர்ந்து போவது போலத் தோன்றும். உண்மையில் அது ஏறக்குறையத் தட்டையான கூரை. சுவரோரம் நகர்ந்து பார்த்தால் வரைந்த தூண்கள் சாய்ந்து, குட்டு வெளிப்படும். மண்டபத்தின் பெயர் பளிங்கு மண்டபம், ஆனால் கதவு நிலைகள்தான் நிஜப் பளிங்கு. சுவரெல்லாம் பளிங்கு போல மெருகேற்றிய சாந்து. பரோக் காலத்துக்காரர்களுக்கு இதில் வெட்கமெல்லாம் இல்லை, கண்ணை ஏமாற்றுவதே அவர்களுக்குக் கலை.

மண்டபத்திலிருந்து ஒரு திறந்த மாடத்தைக் கடந்துதான் நூலகத்துக்குப் போக வேண்டும். மாடத்தில் நின்றால் ஊரும் ஆறும் கீழே. நூலகத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள், ஒரே மாதிரி பைண்டு செய்த முதுகுகளோடு கூரை வரை. போட்டோ எடுக்க விட மாட்டார்கள். அடுத்து தேவாலயம்: பொன் பூச்சு கண்ணைப் பறிக்கும். பக்கத்துப் பீடங்களில் கண்ணாடிப் பேழைக்குள் ஜரிகை உடை போட்ட எலும்புக்கூடுகள் கிடக்கும், ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளிலிருந்து வந்தவை. ஒன்று கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்துச் சாவகாசமாகச் சாய்ந்திருக்கும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

மொத்தம் இரண்டரை மணி நேரம் போதும். படகுத்துறை ஊருக்குள் நடந்து போகிற தூரத்தில், இருபது நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மதியம்: படகில் ஸ்பிட்ஸ் வரை

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை இரண்டு கம்பெனிகள் படகு விடுகின்றன. ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். நேர அட்டவணையை முந்தின நாள் இரவே பாருங்கள். கிரெம்ஸ் வரை டிக்கெட் எடுக்காமல் ஸ்பிட்ஸ் வரை எடுங்கள். மேல்தளத்தில் வலப்பக்கம் இடம் பிடித்தால் முதலில் வருவது ஷோன்பியூல் கோட்டை, ஆற்றை ஒட்டிய பாறைமேல். தனியார் சொத்து, வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

அப்புறம் அதே பக்கம், ஆற்றிலிருந்து 300 மீட்டர் உயரத்தில் அக்ஸ்டைன் இடிபாடு. வாஹாவில் ஒரு கோட்டைக்குத்தான் ஏற முடியும் என்றால் நான் சொல்வது இதைத்தான், டியூர்ன்ஸ்டைனை அல்ல. குவென்ரிங் என்ற பிரபுக் குடும்பத்தார் கையில் இருந்து, பின்னால் யோர்க் ஷெக் என்பவன் 1429-இல் எடுத்துக் கட்டியது. அவனைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. பிடித்துவரும் கைதிகளைக் கோட்டைச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை விளிம்பில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவானாம். பசியில் சாகலாம், இல்லை குதித்துச் சாகலாம். அந்த விளிம்புக்கு அவன் வைத்த பெயர் ரோஜாத் தோட்டம். படகிலிருந்து பார்த்தால் கோட்டை பாறையிலிருந்து முளைத்தது போலத்தான் தெரியும். மேலே போனால்தான் அது எவ்வளவு நீளம் என்பது உறைக்கும்.

இடப்பக்கம் வில்லன்டோர்ஃப் கடந்து போகும். பார்க்க ஒன்றுமில்லாத சின்ன ஊர். 1908-இல் ரயில் பாதை போட்ட காலத்தில் நடந்த அகழாய்வில் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பெண் உருவம் ஒன்று இங்கே கிடைத்தது. வயது ஏறத்தாழ 30,000 ஆண்டுகள். அசல், வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதற்காக வில்லன்டோர்ஃபில் இறங்க வேண்டாம், வியன்னாவில் பாருங்கள்.

முதல் நாள் மாலை: ஸ்பிட்ஸில் தங்கல், ஒயின் கடை

ஸ்பிட்ஸ் ஊர் நடுவிலேயே திராட்சைக் கொடி மூடிய ஒரு குன்று. நல்ல ஆண்டில் ஆயிரம் வாளி ஒயின் தரும் என்பதால் அதன் பெயரே ஆயிரம் வாளி மலை. ஊர்க் கோடியில் ஹின்டர்ஹவுஸ் இடிபாடு இருக்கிறது. அரை மணி ஏற்றம், கட்டணம் இல்லை, வெயில் சாயும் நேரத்துக்கு ஏற்ற இடம். போகிற வழியில் திராட்சை மேடைகளைத் தாங்கும் கல் சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாந்தே கிடையாது. நைஸ் (gneiss) எனும் கடினப் பாறைத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, இடுக்குகளில் சில்லு அடித்து நிறுத்தியிருப்பார்கள். மழைநீர் இடுக்கு வழியாக வடிந்துவிடுவதால் சுவர் தள்ளப்படாது. பகலில் குடித்த சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பித் தரும். மாலையில் அந்தச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். இடுக்கில் பச்சைப் பல்லி ஒன்று எட்டிப் பார்த்தாலும் பார்க்கும்.

அந்தப் பல்லிக்கும் ஒயின் பாட்டிலுக்கும் தொடர்பு உண்டு. 1983-இல் தொடங்கிய வாஹாவ் தயாரிப்பாளர்கள் சங்கம் வெள்ளை ஒயினை மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஸ்டைன்ஃபெடர் லேசானது, ஆல்கஹால் 11.5 சதவீதத்துக்கு மேல் போகாது. பெயர் சரிவில் வளரும் ஒரு புல்லுடையது. ஃபெடர்ஷ்பீல் 11.5 முதல் 12.5 வரை. ஸ்மாரக்ட் 12.5-க்கு மேல், நன்றாகப் பழுத்த திராட்சையிலிருந்து. சுவரிடுக்குப் பச்சைப் பல்லியின் பெயர். திராட்சை ரகம் பெரும்பாலும் இரண்டு: குரூனர் வெல்ட்லீனர், ரீஸ்லிங். மேலே பாறை மேடைகளில் ரீஸ்லிங்கும், கீழே வண்டல் படிந்த இடங்களில் குரூனரும் நன்றாக வரும். புதிதாகக் குடிக்கிறவர் ஃபெடர்ஷ்பீல் குரூனரில் தொடங்கலாம். விலை அதிகம் என்பதாலேயே ஸ்மாரக்ட் கேட்க வேண்டியதில்லை. அது கனமானது, வெறும் வயிற்றில் தலை சுற்றும்.

குடிக்க வேண்டிய இடம் ரெஸ்டாரன்ட் அல்ல, ஹாய்ரிகர். தோட்டக்காரர்களே தங்கள் முற்றத்தில் தங்கள் ஒயினை விற்கும் கடை. இரண்டாம் யோசஃப் பேரரசர் 1784-இல் போட்ட ஆணையால் வந்த உரிமை. இவை ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. முறை வைத்து இரண்டு மூன்று வாரம் திறப்பார்கள். வாசலில் கம்பில் கட்டிய தழைக்கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது. இன்றைக்கு எது திறப்பு என்று தங்கும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பட்டியலே வைத்திருப்பார். கையில் ரொக்கம் இருக்கட்டும். பல இடங்களில் கார்டு செல்லாது.

சாப்பாடு பெரும்பாலும் சூடில்லாத பண்டம்: ரொட்டி, பன்றி இறைச்சிச் சீவல், இரத்த சாசேஜ், சீஸ். சைவக்காரர்கள் "ஓனே ஃப்ளைஷ்" (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லி, ரொட்டியில் தடவும் வகைகளைக் கேளுங்கள். மிளகாய்ப்பொடி சேர்ந்த லிப்டவர் நம் நாக்குக்குப் பிடிக்கும், ஆனால் சில வீடுகளில் அதில் நெத்திலி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டே வாங்குங்கள். பூசணி விதைத் தடவல் பொதுவாகப் பத்திரம். ஒயின் வேண்டாம் என்பவர்களுக்கு அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு, ஆப்ரிகாட் சாறு கிடைக்கும். யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். இனிப்புக்கு மரில்லென் க்னோடல்: முழு ஆப்ரிகாட்டை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவது. கொழுக்கட்டைக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி. ஜூலையில் புதுப் பழத்தில் செய்ததைச் சாப்பிட்டவர்கள் உறைய வைத்த பழத்தில் செய்ததைத் தொட மாட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை: ஆற்றைக் கடந்து சைக்கிளில்

ஸ்பிட்ஸில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு துறைக்கு வாருங்கள். எதிர்க்கரை அர்ன்ஸ்டோர்ஃபுக்குப் போகும் தோணிக்கு எஞ்சினே வேண்டாம். ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு எஃகுக் கம்பிவடம். அதில் ஓடும் உருளையிலிருந்து தோணியை வடத்தால் கட்டியிருக்கிறார்கள். தோணிக்காரர் சுக்கானைத் திருப்பித் தோணியைக் கொஞ்சம் சாய்த்து நிறுத்துவார். நீரோட்டம் பக்கவாட்டில் அடித்து அக்கரைக்குத் தள்ளிவிடும். திரும்பி வர எதிர்ப்பக்கம் சாய்ப்பார், அவ்வளவுதான். மேலே உருளை ஓடும் சத்தமும் பலகையில் தண்ணீர் அடிக்கும் சத்தமும் மட்டுமே கேட்கும். அணை கட்டியிருந்தால் இந்தத் தோணி ஓடாது. வெள்ளம் வந்தாலும் ஓடாது, துறையில் பலகை பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்கரையில் கூட்டம் கம்மி, ஆப்ரிகாட் தோப்புகள் அதிகம். அக்ஸ்டைன் ஏற விரும்புகிறவர்கள் இங்கே மேற்கே திரும்பி, அரை மணி நேரம் மிதித்து, அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறலாம். ஏற்றம் செங்குத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸியில் பின்பக்கச் சாலை வழியாகப் போவது மேல். ஏறுவதாக இருந்தால் அரை நாள் போய்விடும், மதியத்துக்கு டியூர்ன்ஸ்டைன் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறாதவர்கள் கிழக்கே சாங்க்ட் லோரென்ஸ் வரை ஓட்டுங்கள். தோணித்துறைப் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு ராட்சச மூக்கு எழுந்து நிற்கும். கெலிடின் என்ற கலைஞர் குழு 2014-இல் செய்தது. உள்ளே போய்ப் பார்க்கலாம். மடாலயங்களையும் கோட்டைகளையும் பார்த்துக் கனத்த தலைக்கு நல்ல மருந்து. அங்கிருந்து இன்னொரு கம்பித் தோணியில் வடகரை வைஸன்கிர்ஹென். மதில் கட்டிய தேவாலயத்துக்கு மூடிய மரப்படிக்கட்டு ஏறிப் போகலாம். ஊர் அழகு, அரை மணி போதும்.

இரண்டாம் நாள் மதியம்: டியூர்ன்ஸ்டைன்

போட்டோக்களில் பார்த்த நீல வெள்ளைக் கோபுரம் இதுதான். அகஸ்டின் சபை மடத்தின் கோபுரம்; மடத்தை இரண்டாம் யோசஃப் 1788-இல் மூடிவிட்டார். நெடுஞ்சாலை ஊருக்கு அடியில் சுரங்கத்தில் போவதால் பழைய தெருவில் வண்டி இல்லை. ஆனால் நண்பகலில் மனிதர்களே நெரிசல். மூன்று மணிக்கு மேல் போங்கள்.

இடிந்த கோட்டைக்கு இருபது முப்பது நிமிடம் கல்படி ஏற்றம். இங்கேதான் இங்கிலாந்து அரசர் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் சிறையிருந்தார். 1191-இல் சிலுவைப் போரில் ஏக்கர் (Acre) நகரைப் பிடித்தபோது ஆஸ்திரியப் பிரபு ஐந்தாம் லியோபோல்டின் கொடியை ரிச்சர்டின் ஆட்கள் இறக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் மாறுவேடத்தில் ஊர் திரும்பிய ரிச்சர்ட், வியன்னா அருகே அதே லியோபோல்டிடம் சிக்கினார். பேரரசர் ஆறாம் ஹைன்ரிஹிடம் கைமாறி, ஒரு லட்சம் மார்க் வெள்ளி பணயத்தொகை கட்டி, 1194 பிப்ரவரியில்தான் விடுதலை. லியோபோல்டுக்குக் கிடைத்த பங்கில் வீனர் நொய்ஷ்டாட் என்ற நகரமே எழுந்தது. பாடகன் புளோண்டல் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய் அரசரைக் கண்டுபிடித்த கதையை ஊரெங்கும் விற்பார்கள். அது பிற்காலக் கற்பனை. மேலே இப்போது இருப்பது 1645-இல் சுவீடன் படை தகர்த்துவிட்டுப் போன சுவர்கள்தான். கோட்டைக்காக அல்ல, ஆறு வளையும் காட்சிக்காக ஏறுங்கள். நல்ல செருப்பு அவசியம், கல் வழுக்கும்.

கிரெம்ஸ், வேண்டுமானால் கெட்வைக்

டியூர்ன்ஸ்டைனிலிருந்து கிரெம்ஸுக்குச் சைக்கிளில் அரை மணி. 715-ஆம் எண் பஸ்ஸும் வடகரையில் ஓடுகிறது. மெல்க்குக்கு எதிர்க்கரையில் உள்ள எம்மர்ஸ்டோர்ஃபுக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே ஓடும் வாஹாவ் ரயிலைப் பிடித்தால் திராட்சை மேடைகளுக்கு நடுவே உயரத்தில் போகும்; ஆற்றிலிருந்து பார்ப்பதைவிட ஒரு படி மேல். கிரெம்ஸில் படகில் வந்து இறங்குகிறவர்கள் கவனிக்க: துறை இருப்பது ஸ்டைன் பகுதியில், ரயில் நிலையம் ஊரின் மறுகோடியில். அரை மணி நடை. கடைசி நிமிடத்தில் ஓடாதீர்கள்.

மூன்றாவது நாள் கிடைத்தால் அதை கெட்வைக் மடத்துக்குக் கொடுங்கள். பாசௌ பிஷப் ஆல்ட்மன் 1083-இல் நிறுவியது. 1718-இல் தீப்பிடித்தபின் கட்டட வல்லுநர் ஹில்டபிராண்ட் பிரம்மாண்டமாகத் திட்டம் போட்டார், கட்டி முடிக்கவில்லை. பேரரசர் படிக்கட்டின் விதானத்தில் ஆறாம் கார்லைச் சூரியதேவனாக டிரோகர் 1739-இல் வரைந்திருக்கிறார். மெல்க்கின் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வராது போலத் தோன்றும்.

ஒரே நாள் என்றால்: காலை மெல்க், படகில் டியூர்ன்ஸ்டைன் வரை, மாலை பஸ்ஸில் கிரெம்ஸ், ரயிலில் வியன்னா. ஸ்பிட்ஸ், அக்ஸ்டைன், கெட்வைக் எதையும் நினைக்காதீர்கள். காரில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஓட்டுநருக்கு இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு), அது இரண்டு கோப்பையில் தாண்டிவிடலாம். ஓட்டுகிறவர் திராட்சைச் சாறோடு நிற்பதுதான் சரி.

பாட்டில் வாங்குவதானால் தோட்டக்காரர் வீட்டிலேயே வாங்குங்கள். இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வை இல்லாமல் இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ரிகாட் ஜாம் பாட்டிலையும் பெரிய பெட்டியிலேயே போடுங்கள். விமான நிலையச் சோதனையில் ஜாமும் திரவக் கணக்குதான், கைப்பையில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.